யார் தொட்டது?

காலை ஆறரை மணிக்குக் கிள்ளானில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், என் காடிக்கு அடியில் ஒரு சின்னக் குட்டை கிடந்தது. (எங்கள் ஊரில் காருக்குக் காடி என்றுதான் பெயர். மாற்றிச் சொன்னால் வேறு யாரோ பேசுவதுபோல் இருக்கும்.) உள்ளங்கை அகலம், இளஞ்சிவப்பு நிறம். குனிந்து விரலால் தொட்டேன், வழவழத்தது. முகர்ந்தேன், லேசான இனிப்பு வாசம். ஏர்கான் தண்ணீராக இருந்தால் நிறமும் இருக்காது, வழவழப்பும் இருக்காது. என்ஜின் எண்ணெயாக இருந்தால் கறுத்திருக்கும். இது கூலண்ட். என்ஜினைச் சுற்றி ஓடி, அதன் சூட்டை எடுத்துக்கொண்டு போய் ரேடியேட்டரில் விடுகிற திரவம்.

முந்தின நாள்தான் காடியை சர்வீஸுக்கு விட்டிருந்தேன். பழைய கூலண்ட்டை வடித்துவிட்டுப் புதுசு ஊற்றினார்கள். ரேடியேட்டர் மூடியையும் மாற்றினார்கள். நேற்று சர்வீஸ், இன்று ஒழுகல். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அங்கேயே நின்றபடி வொர்க்ஷாப் முதலாளிக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, நேத்து என் காடிய யார் தொட்டது?"

அந்தக் கேள்வியைக் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதில் என்ன தப்பு என்று எனக்குப் புரிய நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளுக்குள் ஒரு பையனுக்கு வேலை போயிருந்தது.

*

தொட்டவனுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். எஸ்பிஎம் முடித்துவிட்டுத் தொழில் கற்றுக்கொள்ள வந்தவன். சாயங்காலம் நான் காடியைக் கொண்டுபோய் விட்டபோது முதலாளி அவனைக் கூப்பிட்டார். கையில் கிரீஸ் துணியோடு வந்து நின்றான்.

"ஹோஸ் கிளிப்பெல்லாம் டைட் பண்ணித்தான் விட்டேண்ணே. மூடி புதுசு போட்டதால ஒருவேளை..."

"ஒருவேளையெல்லாம் வேணாம். ஒழுங்கா முறுக்கியிருந்தா ஏன்டா ஒழுகுது?" என்றார் முதலாளி. அவன் பேச்சு அதோடு நின்றது. முதலாளி என் பக்கம் திரும்பி, "நீங்க காசு கொடுக்க வேணாம் தம்பி. கூலண்ட் காச அவன் சம்பளத்துல கழிச்சிக்கிறேன்" என்றார்.

"நல்லதுண்ணே" என்றேன். இந்தச் சொல்லை இங்கே எழுதாமல் தப்பித்துவிடலாமா என்று இரண்டு முறை யோசித்தேன்.

கிளிப்பை முறுக்கிக் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் மறுபடியும் குட்டை. மறுபடியும் போன். அன்று மத்தியானம் முதலாளியே கூப்பிட்டார்: "அவன நிப்பாட்டிட்டேன் தம்பி. நீங்க சனிக்கிழம கொண்டாங்க, நானே பாக்குறேன்." எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் கணக்கு சரியாக வந்ததுபோல ஒரு நிம்மதியும் இருந்தது. இரண்டுமே நிஜம்.

*

நான் ஒரு குவாலிட்டி எஞ்சினியர். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். பழுதுக்குக் காரணம் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஒரு பொருள் பழுதாக வந்தால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ஏன், ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டு, கடைசியில் 'மூலக் காரணம்' என்ற கட்டத்தில் ஒரு வரி எழுத வேண்டும்.

இந்த ஐந்து ஏன் முறையை உலகத்துக்குத் தெரியவைத்தவர் டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ. 1978இல் வந்த தன் புத்தகத்தில் அவர் ஒரு உதாரணம் சொல்கிறார். இயந்திரம் நின்றுவிட்டது. ஏன்? சுமை கூடி ஃபியூஸ் போய்விட்டது. ஏன் சுமை கூடியது? பேரிங்கில் எண்ணெய் பற்றவில்லை. ஏன்? எண்ணெய் பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன்? பம்ப்பின் தண்டு தேய்ந்திருக்கிறது. ஏன்? வடிகட்டி இல்லாததால் உலோகத் துகள் உள்ளே போயிருக்கிறது. ஃபியூஸை மட்டும் மாற்றியிருந்தால் இயந்திரம் மறுபடியும் நின்றிருக்கும். பல்கலைக்கழகத்தில் படித்தபோது இந்த உதாரணத்தின் அழகு மட்டும்தான் கண்ணில் பட்டது. அந்தச் சங்கிலியில் ஒரு மனிதன்கூட இல்லை என்பது அப்போது கண்ணில் படவில்லை. அது ஒரு வடிகட்டியில் போய் முடிகிறது.

நாங்கள் நிரப்பும் படிவங்கள் அப்படி முடிவதில்லை. பெரும்பாலும் மூன்றாவது ஏன்னிலேயே ஓர் ஆள் வந்துவிடுவார். 'ஆப்பரேட்டர் முறைப்படி செய்யவில்லை.' நேப்பாளத்திலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்த ஒருவர், தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாமலே கையெழுத்துப் போடுவார். பக்கத்தில் நானும் போடுவேன். நாலாவது, ஐந்தாவது ஏன்னுக்கு எதையோ எழுதி இட்டு நிரப்பிவிடுவோம். ஆள் கிடைத்த பிறகு கேள்வி தானாகவே களைத்துப் போய்விடுகிறது.

ஏன் அப்படி? சட்டத்தில் காரணம் என்றால் என்ன என்று ஹார்ட், ஹொனோரே இருவரும் 1959இல் ஒரு தடித்த புத்தகம் எழுதினார்கள். ஒரு தீவிபத்து நடந்தால் காற்றில் ஆக்சிஜன் இருந்ததைக் காரணம் என்று யாரும் சொல்வதில்லை, வீசி எறிந்த சிகரெட்டைத்தான் சொல்கிறோம். ஆக்சிஜன் இல்லாமலும் தீ பிடிக்காது. ஆனால் அது எப்போதும் இருப்பது. வழக்கத்துக்கு மாறாக ஒன்று நடந்திருக்கிறதா, ஒரு மனிதன் தெரிந்தே ஏதாவது செய்தானா என்றுதான் நம் மனசு தேடுகிறது. இப்போது என் காடியைப் பாருங்கள். பத்து வருஷப் பழைய பம்ப் எப்போதும் இருப்பது. வழக்கத்துக்கு மாறாக வந்தது அந்தப் பையனின் கை ஒன்றுதான். என் மனசு நேராக அந்தக் கைக்குப் போய்விட்டது.

*

மூன்றாம் நாள் வேலை முடிந்ததும் ஒரு புத்தகக் கலந்துரையாடலுக்காகப் பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். கூட்டரசு நெடுஞ்சாலையில் வழக்கமான நெரிசல். ஜாலான் துன் சம்பந்தனுக்குள் நுழைந்தபோது சூடு காட்டும் முள் மேலே ஏறத் தொடங்கியது. மோனோரயில் ஸ்டேஷன் பக்கம் ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தேன். ஒரே ஆவி.

பக்கத்தில் நின்ற டாக்சியிலிருந்து ஓர் அங்கிள் இறங்கி வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் மூடியைத் திறக்கக் கை நீட்டியதும் சட்டென்று தட்டிவிட்டார். "சூட்டோட தொறந்தா மூஞ்சி வெந்துடும் தம்பி. ஆறட்டும்." இரண்டு பேரும் கடை வாசலில் நின்று தே தாரிக் குடித்தோம். நடந்ததைச் சொன்னேன். சர்வீஸ், குட்டை, பையன், முதலாளி. எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"என்ன மாத்துனாங்க?"

"கூலண்ட் அங்கிள். அப்புறம் ரேடியேட்டர் மூடி."

"மூடி புதுசா? அப்ப பம்ப்பப் பாரு."

யார் தொட்டது என்று நான் கேட்டேன். என்ன மாறியது என்று அவர் கேட்டார். அவர் கேள்வி அரை நிமிஷத்தில் போன இடத்துக்கு என் கேள்வி மூன்று நாளாகியும் போய்ச் சேரவில்லை.

அவர் அந்த ஒரு வரிக்குமேல் விளக்கவில்லை. விளக்கம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றுதான். ரேடியேட்டர் மூடி வெறும் மூடி கிடையாது, அதற்குள் ஒரு ஸ்பிரிங் வால்வு இருக்கிறது. உள்ளே அழுத்தம் 1.1 பார் வரை ஏற விட்டு, அதற்கு மேல் போனால் திறந்துகொள்ளும். அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும். 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் அந்த அழுத்தத்தில் 120 டிகிரிக்குப் பக்கத்தில்தான் கொதிக்கும். என் பழைய மூடியின் ரப்பர் வெடித்து, ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்க வேண்டும். அது அழுத்தத்தைப் பிடித்து வைக்கவே இல்லை. அதனால் பம்ப்பின் சீல் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் வெளியே தெரியவில்லை. புது மூடி தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. அழுத்தம் ஏறியது, தேய்ந்த சீல் விட்டுக்கொடுத்தது.

டோ டிரக்கில் காடியைக் கிள்ளானுக்குக் கொண்டுவந்து, மறுநாள் வேறொரு வொர்க்ஷாப்பில் பிரஷர் டெஸ்ட் பண்ணச் சொன்னேன். ரேடியேட்டர் வாயில் கைப்பம்ப்பை மாட்டி 1.1 பாருக்கு ஏற்றிவிட்டுக் காத்திருந்தோம். பையன் முறுக்கிய கிளிப்புகள் எல்லாம் காய்ந்து கிடந்தன. வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சின்னத் துளையிலிருந்து இளஞ்சிவப்பாக ஒரு சொட்டு திரண்டு நின்று, பிறகு விழுந்தது. அந்தத் துளை பழுதால் வந்ததில்லை. சீல் போய்விட்டால் கூலண்ட் பேரிங்கிற்குள் இறங்கிவிடாமல் வெளியே சொட்டுவதற்காகவே வைத்தது. உள்ளே ஒன்று தேய்ந்துவிட்டது என்று வெளியே ஆளுக்குத் தெரியவேண்டும் என யாரோ ஒரு பொறியாளர் யோசித்திருக்கிறார்.

*

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று சொல்வோம். வடமொழியில் காகதாலீய நியாயம். இரண்டு விஷயங்கள் அடுத்தடுத்து நடந்ததாலேயே முதலாவது இரண்டாவதற்குக் காரணம் ஆகிவிடாது. முதலில் என் கதையும் அதுதான் என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அப்படி இல்லை. இங்கே காக்கைக்கும் பழத்துக்கும் சம்பந்தம் உண்டு. அந்தப் பையன் மூடியை மாற்றாமல் விட்டிருந்தால் அன்றைக்கு ஒழுகியிருக்காது. ஆக, அவன் செய்தது ஒரு காரணம்தான். ஆனால் அவன் செய்தது சரியான வேலை. கெட்டுப்போன ஒன்றை நல்லதாக மாற்றினான், அது மறைத்து வைத்திருந்த இன்னொரு கேடு வெளியே வந்தது. காரணமாக இருப்பதும் குற்றவாளியாக இருப்பதும் வேறுவேறு என்று வாயால் சொல்வது சுலபம். ஒழுகும் காடியின் முன்னால் நிற்கும்போது இரண்டும் ஒன்றாகவே தெரிகிறது.

சரி, சீல் ஏன் தேய்ந்தது? இங்கிருந்துதான் எனக்குச் சங்கடம் ஆரம்பிக்கிறது. நான் வருஷக் கணக்காகக் கூலண்ட் குறையும்போதெல்லாம் பைப் தண்ணீரைத்தான் ஊற்றி வந்தேன். பைப் தண்ணீரில் இருக்கும் உப்புகள் உள்ளே படியும், உலோகத்தை அரிக்கும், அந்தத் துகள்கள் சீலைத் தேய்க்கும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அப்படியானால் காரணம் நான்.

அந்த வரியை எழுதிய அடுத்த நொடியே மனசு இன்னொரு ஏன் கேட்டது. நான் ஏன் பைப் தண்ணீர் ஊற்றினேன்? அப்பா அப்படித்தான் செய்வார். இது அவர் ஓட்டிய காடி. தோட்டத்தில் லாரி ஓட்டிய காலத்திலிருந்து அவருக்கு அதுதான் பழக்கம். சரி, அப்பா ஏன் அப்படிச் செய்தார்? அந்தக் காலத்து லாரிகளில் செம்பும் பித்தளையுமான ரேடியேட்டர், அது ஓரளவு தாங்கும். இப்போது அலுமினியம், பிளாஸ்டிக். அப்பாவின் பழக்கம் அதன் காலத்துக்குச் சரி. காலம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

எவ்வளவு அழகாக முடித்துவிட்டேன் பாருங்கள். சங்கிலி அந்தப் பையனிடம் வந்தபோது முதல் ஏன்னிலேயே நிறுத்தினேன். என்னிடம் வந்தபோது இன்னும் ஒரு ஏன் கேட்டேன். அப்பாவிடம் வந்தபோது அதற்கும் மேலே போய்க் காலத்தின் தலையில் கட்டினேன். ஐந்து ஏன் என்று ஒரு கணக்கு இருக்கிறதே தவிர, யாரிடம் எத்தனை ஏன் கேட்பது என்பதை நான்தான் முடிவு செய்திருக்கிறேன். எனக்கு வேண்டியவர்கள் மேல் கேள்வி நிற்காமல் கடந்து போகிறது. திருப்பிப் பேச முடியாதவர்கள் மேல் உட்கார்ந்துகொள்கிறது.

ஆர். ஜி. காலிங்வுட் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1940இல் எழுதிய ஒரு நூலில் காடி உதாரணமே சொல்லியிருக்கிறார். வளைவில் ஒரு வண்டி சறுக்கிக் கவிழ்கிறது. ஓட்டியவருக்குக் காரணம் தன் வேகம். சாலையைப் பராமரிப்பவருக்குக் காரணம் சாலையின் தரம். வண்டி செய்தவருக்குக் காரணம் அதன் வடிவமைப்பு. தன் கையால் எதை மாற்ற முடியுமோ அதைத்தான் ஒவ்வொருவரும் காரணம் என்று சொல்ல வேண்டும் என்பது அவர் வாதம். அந்த மூன்று பேரும் ஒருவரையொருவர் கைகாட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொருவரும் தன் பங்கைத் தேடுகிறார்கள். நாம் தலைகீழாகச் செய்கிறோம்: ஓட்டியவர் சாலையைச் சொல்வார், சாலைக்காரர் ஓட்டியவரைச் சொல்வார்.

*

இப்படிப் போனால் எல்லாரும் காரணம், ஆகவே யாரும் காரணம் இல்லை என்று ஆகிவிடாதா? நண்பன் ஒருவன் இதைத்தான் கேட்டான். நியாயமான கேள்வி. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது என் சின்னம்மா வீடும் மூழ்கியது. 'மழைதான் காரணம்' என்று யாராவது சொன்னால் சின்னம்மாவுக்கு இன்றைக்கும் கோபம் வரும். மழை பெய்தது உண்மை. ஆனால் மழையோடு கேள்வியை நிறுத்தினால் பதில் சொல்ல வேண்டியவர்கள் எல்லாரும் தப்பித்துவிடுவார்கள். கேள்வியைச் சீக்கிரம் நிறுத்தினால் சின்னவன் மாட்டிக்கொள்கிறான். காலம், இயற்கை என்று நீட்டிக்கொண்டே போனால் பெரியவர்கள் கழன்றுகொள்கிறார்கள். இரண்டுமே ஒரே தந்திரத்தின் இரண்டு முனைகள்.

இதற்கு எண்ணிக்கை கொஞ்சம் உதவும். ஒரே ஒரு நிகழ்ச்சியைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுவிட முடியாது, திரும்பத் திரும்ப நடப்பதைப் பார்த்துத்தான் காரணம் என்ற எண்ணமே நமக்கு வருகிறது என்றார் டேவிட் ஹியூம். 2016இல் புரோட்டோன் நிறுவனம், என்ஜின் எண்ணெயைக் குளிர்விக்கும் பகுதிக்குப் போகும் ஹோஸை மாற்றித் தருவதற்காக 90,000க்கும் மேற்பட்ட காடிகளைத் திரும்ப அழைத்தது. டர்போ என்ஜின் வைத்த எக்சோரா, பிரெவே, சுப்ரிமா எஸ் வகைகள். வீட்டு வாசலில் எண்ணெய்க் கறையைப் பார்க்கிற ஒருவருக்கு அது ஒரே ஒரு கறை. அவர் தன் போமனைச் சந்தேகப்படலாம், தன்னையே நொந்துகொள்ளலாம். ஆயிரக்கணக்கான காடிகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போதுதான் கேள்வி ஆளை விட்டுவிட்டு ஹோஸுக்குப் போகிறது. ஹோஸுக்குப் போனதும் பொறுப்பும் அதைத் தூக்கக்கூடியவரிடம் போய்ச் சேருகிறது. பொறுப்பு அங்கே மறைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது.

குறளில் 95ஆம் அதிகாரம் மருந்து. அதில் வைத்தியனுக்கு வள்ளுவர் சொல்லும் வரிசை நம் எல்லாருக்கும் பள்ளியிலேயே தெரியும்: நோய் எது, அதன் மூலம் எது, அது தணியும் வழி எது. காரணம் தேடுவது தணிப்பதற்காக. யாரைப் பிடிப்பது என்று அந்த வரிசையில் ஒரு படி இல்லை. பள்ளிப் போட்டிகளில் இதை மனப்பாடமாக ஒப்பித்துப் பரிசு வாங்கியவன் நான்.

*

புதுப் பம்ப் மாட்டிய மறுநாள் பழைய முதலாளியைப் போய்ப் பார்த்தேன். பழைய பம்ப்பைப் பையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆமா, பம்ப்தான்" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "விடுங்க தம்பி. அவன் எப்பவும் லேட்டாத்தான் வருவான்" என்றார். ஒரு காரணம் கையை விட்டுப் போனதும் இன்னொன்றைத் தேடி எடுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவனை வேலையை விட்டு அனுப்பியது அவர். போன் போட்டது நான்.

அவனுடைய நம்பரைக் கேட்டபோதுதான் அவன் பெயரே எனக்குத் தெரியவந்தது. இங்கே அதை எழுதவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் கூப்பிட எனக்குத் தைரியம் வந்தது. யார் பேசுகிறேன் என்று சொன்னேன். எதிர்முனையில் சத்தமே இல்லை. "தம்பி, உன் மேல தப்பு இல்ல. வாட்டர் பம்ப்தான் போயிருக்கு" என்றேன். மன்னிப்புக் கேட்பதற்கு நாலு வரி தயார் செய்து வைத்திருந்தேன். அதற்குள் அவன் கேட்டான்:

"எங்கேர்ந்துண்ணே வந்துச்சு? கேஸ்கட் பக்கமா, கீழ ஓட்டையா?"

"கீழ ஓட்டை."

"அப்ப சீல்தான். மூடி மாத்துனதும் பிரஷர் ஏறிருக்கும். அதத்தான் அன்னைக்குச் சொல்ல வந்தேன்."

அவன் குரலில் கோபமும் இல்லை, மன்னித்துவிட்ட பெருந்தன்மையும் இல்லை. விடை தெரிந்துவிட்ட ஒருவனின் குரல். மூன்று நாளாக நான் ஆளைத் தேடிக்கொண்டிருந்தபோது அவன் காரணத்தைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறான். மன்னிப்புக் கேட்டேன். "பரவாலண்ணே" என்றான். பரவாயில்லை என்று ஆகிவிடாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். வெட்டிய கூலண்ட் காசை அனுப்பினேன், மறுக்காமல் வாங்கிக்கொண்டான். இப்போது காப்பாரில் வேறொரு வொர்க்ஷாப்பில் இருக்கிறானாம். சம்பளம் முன்னதைவிடக் கொஞ்சம் குறைவு.

தொழிற்சாலையில் படிவத்தை மாற்றும் அதிகாரம் எனக்கு இல்லை. ஆனால் மூன்றாவது ஏன்னில் ஓர் ஆளின் பெயர் வந்தால், அந்த ஆளைக் கூட்டிவந்து, தெரிந்த யாரையாவது பக்கத்தில் வைத்து அவர் மொழியில் என்ன நடந்தது என்று கேட்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. நேரம் ஆகிறது என்று மேலாளர் முறைக்கிறார். போன மாதம் அப்படிக் கேட்டபோது ஒரு நேப்பாளத் தோழர் இயந்திரத்தின் பின்பக்கம் கூட்டிக்கொண்டுபோய், வெடித்துப்போன ஒரு ரப்பர் வளையத்தைக் காட்டினார். ரொம்ப நாளாகவே அப்படித்தான் இருக்கிறதாம். யாரும் கேட்கவில்லையாம்.